வெளியாளுக்கு உடனே கூலி

சென்ற செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எங்கள் சபைக் கமிட்டி கூடியது. தர்மபுரியில் மழை தவறும், பஸ் தவறும்... கமிட்டி மட்டும் தவறவே தவறாது.

அன்றைக்கு ஒரே விஷயம்தான். பென்னாகரம் ரோட்டில் ஒரு கிராமத்துக்கு நாங்கள் போட்டுக் கொடுத்த அடிபம்பு உடைந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம், அவர்களுக்கு இருக்கிற கஷ்டம் போதும். சேலத்திலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தோம். வெல்டிங் வைத்தார், காப்பி குடித்தார், பணம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார். அந்த பஸ் தொப்பூர் தாண்டியிருக்காது — பம்பு மறுபடி உடைந்துவிட்டது. பெண்கள் ஒன்றரை மைல் நடந்து யாரோ ஒரு விவசாயியின் கிணற்றில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தார்கள். அவர் கிணற்றிலும் தண்ணீர் பாதாளத்தில் இருக்கிறது. எத்தனை நாளைக்குப் பொறுப்பார் பாவம்?

"இதை ஒழுங்கா ரிப்பேர் பண்ண நம்ம பக்கத்துல யாருமே இல்லையா?" என்று போதகர் கேட்டார்.

ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தோம். ஒன்பது பேருக்கும் ஒரே ஒரு பெயர்தான் தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நானும்தான். ஃபேன் சுற்றுவதை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்க்கிறவன் போல அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெயர் ஞானமுத்து. அந்தப் பம்பை உண்டாக்கியவரே அவர்தான்.

கதையைச் சொல்கிறேன். இந்தப் பத்திரிகைப் பகுதியில் நான் எத்தனையோ பேரைக் கிண்டல் செய்திருக்கிறேன். இந்த வாரம் என் முறை.

சில வருஷங்களுக்கு முன்னால் வறட்சி வந்தபோது வெளிநாட்டுச் சபைகள் எங்களுக்குப் பணம் அனுப்பின. கிராமங்களில் போர்வெல் போட. நல்ல காரியம், யார் இல்லையென்றது? கூடவே பம்பும் அனுப்பினார்கள். வார்ப்பிரும்பு பம்பு, பச்சைப் பெயிண்ட் அடித்து, பார்க்க அவ்வளவு அழகு. அந்தப் பம்பு அவர்கள் ஊரில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் ஒரு அம்மாள் பூச்செடிக்குத் தண்ணீர் விடுவதற்காகச் செய்தது. நம் ஊரில் விடிவதற்கு முன் ஆரம்பித்து, இருட்டும்வரை நூறு குடும்பம் மாற்றி மாற்றி அடிக்கும். தாங்குமா? மூன்றே மாதத்தில் கைப்பிடி கழன்றுவிட்டது, அதைக் குழந்தைகள் குதிரை ஓட்ட எடுத்துப் போய்விட்டார்கள்.

திட்டத்துக்கு ஒரு இன்ஜினியர் இருந்தார். சம்பளம் உண்டு, ஜீப் உண்டு, ஜீப்புக்கு டிரைவர் உண்டு. உடைந்த பம்புகளை எல்லாப் பக்கத்திலிருந்தும் போட்டோ எடுத்தார். ரிப்போர்ட் எழுதினார். மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அப்போதுதான் எங்கள் கண்ணில் ஞானமுத்து பட்டார். எங்கள் சபை அங்கத்தினர். டவுனில் காதர் பாய் என்பவரின் பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். எட்டாவது வரைக்கும் படிப்பு. ஆனால் இரும்பு அவர் சொன்ன பேச்சைக் கேட்கும். போதகரும் நானும் நேரில் போய்க் கேட்டோம். மனிதர் கைத்துணியில் கிரீஸைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினார்.

"பாக்கறனுங்க ஐயரே. தண்ணி விஷயமில்லீங்களா?" என்றார் போதகரிடம். போதகரை எங்கள் பக்கம் ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

எட்டு மாதம் பார்த்தார். பழைய லாரியிலிருந்து பேரிங் எடுத்தார், மோட்டார் சைக்கிள் செயின் போட்டார், வார்ப்பிரும்புக்குப் பதில் ஸ்டீல் தகட்டை வளைத்து, கைப்பிடி பொருத்துகிற பம்புத் தலை ஒன்று செய்தார். முதல் தலை உடைந்தது. இரண்டாவதில் செயின் நழுவியது. ஒவ்வொரு தடவையும் கிராமத்துக்குப் போய், நாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து, பெண்கள் எப்படி அடிக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வருவார். "பொம்பளைங்க நேரா அடிக்கறதில்லீங்க சார், இடுப்புல கொடத்த வெச்சிக்கிட்டு ஒருபக்கமா சாஞ்சி அடிக்கறாங்க. அதுலதான் பின்னு தேயுது" என்று என்னிடம் சொன்னார். ஜீப்பில் போன இன்ஜினியர் கண்ணுக்கு இது தெரியவே இல்லை.

மூன்றாவது தலை நின்றது. இரண்டு வருஷம் அசையாமல் நின்றது.

இந்த எட்டு மாதமும் வாரத்தில் பாதி நாள் அவர் லேத்தில் நிற்கவில்லை. லேத்தில் நின்றால்தான் அவருக்குக் கூலி. இது எங்களுக்குத் தெரியாதா? தெரியும். நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? ஆராதனை முடிந்ததும் அவரை முன்னால் கூப்பிட்டு நிறுத்தி, ஜெபம் செய்து, தோல் அட்டை போட்ட ஒரு வேதாகமம் கொடுத்தோம். எல்லோரும் கை தட்டினோம்.

அடுத்த கிராமத்துக்குப் பம்பு செய்தார். இன்னொரு வேதாகமம். இப்படியே ஆறு!

ஒருநாள் அவர் வீட்டுப் பக்கம் போனபோது அவர் மனைவி எஸ்தர் என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார். "சார், எங்க வூட்டுல ஆறு வேதாகமம் இருக்குதுங்க. நாங்க இருக்கறதே நாலு பேரு. அடுப்புல ஒலை வெக்க என்னா இருக்குதுன்னு ஒருத்தராவது கேட்டீங்களா?"

வந்த வழியே திரும்பினேன்.

அடுத்த கமிட்டியில் பேச்சை எடுத்தேன் — என் ஆயுசில் செய்த ஒரே வீரச் செயல். ஞானமுத்துவுக்குக் கூலி கொடுக்க வேண்டும் என்றேன். எங்கள் பொருளாளர் சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், பென்ஷன் வாங்குகிறவர். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"தம்பி, திறமை கர்த்தர் சும்மா கொடுத்தது. சும்மா வாங்கினதைக் கர்த்தருக்கே விலைக்கு விக்கறதா? காணிக்கைப் பணம் ஏழை விதவைங்க போட்ட காசு. நம்ம சபைப் பிள்ளைக்கு நாமளே கூலி கொடுத்தா அது ஊழியமா? கான்ட்ராக்ட் ஆயிடும்."

எல்லோரும் ஆமாம் போட்டார்கள். நானும் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் தோன்றியது. எனக்குக் கணக்கு வரும், அதுவும் கர்த்தர் கொடுத்ததுதானே? மிஷன் பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லிக் கொடுத்து மாதாமாதம் சம்பளம் வாங்குகிறேனே? ஒன்றாம் தேதி போய் இரண்டாம் தேதி ஆனால் வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கிறேனே? எனக்கு ஏன் வேதாகமம் கொடுத்து அனுப்பவில்லை?

விரலில் மசி பட்டால் உத்தியோகம், கிரீஸ் பட்டால் ஊழியம். எங்கள் கமிட்டியில் கிரீஸ் பட்ட விரல் ஒன்றுகூட இல்லை.

அதற்குப் பிறகு ஒரு ஆச்சரியம் நடந்தது. ஞானமுத்து, "சார், இனிமே எனக்கு நேரமில்லீங்க, பாய் கடையில குடுத்துச் செஞ்சிக்கோங்க" என்று சொல்லிவிட்டார். சரியென்று காதர் பாயிடம் ஆர்டர் கொடுத்தோம். பம்புகள் வந்தன. அச்சு அசல் அதே பம்பு. பாய் பில் கொடுத்தார். பொருளாளர் அன்றைக்கே பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டார்!

"வெளியாளுகிட்ட பாக்கி வைக்கக்கூடாது வாத்தியாரே. சபைக்குக் கெட்ட பேர்" என்று எனக்கு விளக்கமும் சொன்னார். பாய்க்கு டீயும் பிஸ்கட்டும் வேறு.

மூன்று தடவை இப்படி நடந்தது. மூன்று பில்லிலும் நான் கையெழுத்துப் போட்டேன். எனக்குச் சந்தேகம் வரவில்லையா? வந்தது. கேட்கவில்லை. ஒரு வயிறு நிறைகிறதென்றால் நாம் வாயைத் திறப்பானேன் என்று இருந்துவிட்டேன்.

கெடுத்தது யார் தெரியுமா? காதர் பாயின் நேர்மை. நான்காவது தடவை பில்லோடு வந்தார். பொருளாளர் அன்று நல்ல மூடில் இருந்தார். "பாய், உங்க வேலையே வேலை! நம்ம ஆளும்தான் செஞ்சான், ஆனா உங்க ஃபினிஷிங் வருமா?" என்று முதுகில் தட்டினார்.

பாய்க்கு முகம் சுருங்கிவிட்டது. அடுத்தவன் உழைப்புக்குத் தான் பாராட்டு வாங்குவதா என்று மனிதருக்கு மனசு கேட்கவில்லை.

"ஐயோ, அது நம்ம கை இல்லீங்க. லேத்து நம்மது, பில்லு நம்மது. வேல பூரா உங்க ஞானமுத்து செஞ்சதுங்க. காசும் அவருக்குத்தான் போவுது" என்றார். சொன்ன பிறகுதான் பொருளாளர் முகத்தைப் பார்த்தார்.

அவ்வளவுதான். கமிட்டி அவசரமாகக் கூடியது. ஞானமுத்துவைக் கூப்பிட்டு நிற்க வைத்தோம். நாற்காலி காலியாக இருந்தது, யாரும் உட்காரச் சொல்லவில்லை. சபையை ஏமாற்றினாயா இல்லையா என்று போதகர் கேட்டார்.

"பேர மாத்திப் பில்லு போட்டது தப்புதானுங்க ஐயரே. ஒத்துக்கறேன். ஆனா வேல பொய்யில்லீங்களே? தண்ணி வந்துச்சில்லீங்களா?"

"கர்த்தருடைய பணத்தை வஞ்சகமா வாங்கியிருக்கே" என்றார் பொருளாளர்.

"பாய் வாங்குனப்ப அது வஞ்சகமா தெரியலீங்களே உங்களுக்கு. என் பேருல கேட்டா இல்லேங்கறீங்க, பாய் பேருல கேட்டா டீ வாங்கிக் குடுத்துக் குடுக்கறீங்க. நான் என்னாதாங்க பண்றது? ரெண்டு புள்ளைங்க இருக்குதுங்க எனக்கு."

பதில் இல்லாத இடத்தில்தானே தீர்மானம் போடுவார்கள்? மன்னிப்புக் கடிதம் எழுதித் தர வேண்டும், பணத்தைத் திருப்ப வேண்டும், இல்லையென்றால் அங்கத்தினர் பட்டியலிலிருந்து பெயர் எடுக்கப்படும் என்று தீர்மானம். அவர் எழுதித் தரவில்லை. பெயரை எடுத்தோம். அப்பமும் ரசமும் பெறுகிற திருவிருந்து கிடையாது, பிள்ளைகளுக்குக் கோயிலில் கல்யாணம் கிடையாது, செத்தால் எங்கள் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது.

அவருடைய தாத்தா மண் சுமந்து கட்டிய கோயில் அது. தீர்மானத்துக்கு எட்டுக் கைகள் உயர்ந்தன. ஒன்பதாவது கை உயரவில்லை என்று நினைத்து என்னை மெச்சிக்கொள்ளாதீர்கள். அந்தக் கை தீர்மானத்தை எழுதிக்கொண்டிருந்தது. எழுதி முடித்ததும் அதுவும் உயர்ந்தது.

அதற்கப்புறம் எஸ்தர் ஒரு ஞாயிறு மட்டும் தனியாகக் கோயிலுக்கு வந்தார். பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை. மறு ஞாயிறு வரவில்லை. குடும்பமே காரிமங்கலம் போய்விட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

சரி, சென்ற செவ்வாய்க்கு வருகிறேன். கடைசியில் பொருளாளரே தொண்டையைக் கனைத்தார். "வாத்தியார் போய்ப் பேசிப் பார்க்கட்டுமே..." யாரிடம் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மறுநாள் காரிமங்கலத்தில் இறங்கினேன். விசாரித்துக்கொண்டு போனேன். சந்தைத் திடலுக்குப் பின்னால் தகரக் கூரை போட்டு ஒரு சின்னப் பட்டறை. ஞானமுத்து ஒரு ஏர்க்கலப்பைக் கொழுவைத் தட்டிக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது, அவரை நாங்கள் நிற்க வைத்தது ஞாபகம் வந்து.

விஷயத்தைச் சொன்னேன். எந்தப் பம்பு, எங்கே உடைந்திருக்கிறது என்று கேட்டார். சேலத்து வெல்டிங் என்றதும் ச்சு என்று உதட்டைப் பிதுக்கினார். "வெல்டு வெக்கக் கூடாதுங்க சார். பின்ன மாத்தோணும். பதினோரு நாளா நடக்கறாங்களா? அடப்பாவமே!" என்று உடனே டூல் பையைத் தேடினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன். "ஞானமுத்து, நாங்க பண்ணினது அநியாயம். நான் போதகர்கிட்ட பேசறேன். உங்க பேரை மறுபடி சேர்த்துடலாம். இந்த ஞாயித்துக்கிழமையே வந்துடுங்க."

அவர் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டார். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும்.

"வேண்டாங்க சார். இப்ப நான் வெளியாளுங்க. வந்து செஞ்சேன்னா கூலி குடுப்பீங்க. சேத்துக்கிட்டீங்கன்னா மறுபடியும் வேதாகமம்தான் குடுப்பீங்க."

கூலி எவ்வளவு என்று சொன்னார். நியாயமான கூலி. அன்று மத்தியானமே போய்ப் பின்னை மாற்றினார், சாயங்காலம் தண்ணீர் வந்தது. ஒரு கிழவி முதல் குடத்தை அவர் காலில் ஊற்றினாள் என்று கேள்வி.

வியாழக்கிழமை பில்லை எடுத்துக்கொண்டு பொருளாளர் வீட்டுக்குப் போனேன். ஞானமுத்து என்ற பெயரிலேயே, பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். உள்ளே போய்ப் பணத்தோடு வந்தார்.

"உடனே மணியார்டர் பண்ணிடுங்க வாத்தியாரே," என்றார். "வெளியாளுகிட்ட பாக்கி வைக்கக்கூடாது."