டியூட்டியில் இருந்த பதக்கங்கள்

எங்கள் பெரியப்பா பட்டாளத்தை விட்டு வரும்போது ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டியும், லேசாக நொண்டும் இடது காலும், தீரவே தீராத ஒரு பச்சை நூல்கண்டும் கொண்டுவந்தார். மிலிட்டரிச் சட்டைக்குத் தைக்கிற அழுக்குப் பச்சை அது. வீட்டில் எது கிழிந்தாலும் அவர்தான் ஊசியை எடுப்பார். தலையணை உறை, அப்பாவின் உரச்சாக்கு, என் பள்ளிக்கூடப் பையின் வார் என்று எதைப் பார்த்தாலும் அந்தப் பச்சைத் தையல் குறுக்கும் நெடுக்குமாகப் பல்லைக் காட்டும். பொம்பளைப் பிள்ளை பைக்கு ரோஸ் நூல் போட்டால் என்ன என்று நான் அழுது பார்த்திருக்கிறேன். பச்சை நூல் அறாது என்று சொல்லி அத்தோடு பேச்சை முடித்துவிடுவார்.

அவர் அப்பாவுக்கு அண்ணன். சின்னசேலம் பக்கத்தில் எங்கள் ஊர். ஒரே வீட்டில்தான் எல்லோரும் இருந்தோம். அம்மாவும் அப்பாவும் மரவள்ளிக் கொல்லைக்குப் போய்விட்டால் எனக்குச் சோறு போட்டது, தலை பின்னியது, முதுகில் இரண்டு வைத்தது எல்லாம் பெரியம்மாதான். அவளுக்குப் பிள்ளை இல்லை என்பதே எனக்கு ரொம்ப நாள் தெரியாது. நான் இருக்கும்போது எப்படி இல்லாமல் போகும்?

பெரியப்பாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. திடீரென்று ஒருநாள் காலையில் சட்டையைப் போட்டுக்கொண்டு, கல்வராயன் மலைக்குப் போய்த் தேன் வாங்கி வருகிறேன் என்று பஸ் ஏறிவிடுவார். பொழுது சாயும்போது அரை பாட்டில் தேனோடு திரும்பி வருவார். நாள் முழுக்க மலையைச் சுத்திவிட்டு அரை பாட்டிலா, இவர் தலையைக் கண்டாலே தேனீயெல்லாம் ஊரைக் காலி பண்ணுதா என்று பெரியம்மா கேலி பண்ணுவாள். அவரும் சிரித்துக்கொண்டே தேனை என் நாக்கில் சொட்டு விடுவார்.

இனி பதக்கத்துக்கு வருகிறேன். அந்தக் கதை நான் பிறப்பதற்கு முன்பே நடந்தது. ஆனால் கூட இருந்து பார்த்ததுபோல எனக்குத் தெரியும், அத்தனை தடவை கேட்டிருக்கிறேன்.

பெரியப்பா வடக்கே பனிமலையில் காவலுக்கு நின்றபோது, இங்கே பெரியம்மா எங்கள் குலசாமியிடம் வேண்டிக்கொண்டாள். கல்வராயன் மலை மேலே, கரியாலூருக்கு அப்பால் காட்டை ஒட்டி இருக்கிற அம்மன் அது. ஆளை முழுசாக அனுப்பி வை, உனக்கு வெள்ளி சாத்துகிறேன் என்பது வேண்டுதல். அம்மன் முக்கால்வாசி கேட்டாள். குண்டுச் சிதறல் பட்டுக் கால் நொண்டிப் போனதே தவிர ஆள் வந்து சேர்ந்தார். அவர் பெட்டிக்குள் இரண்டு பதக்கங்கள் பளபளவென்று இருந்தன. பனிமலையில் நின்றதற்கு ஒன்று, காயம் பட்டதற்கு ஒன்று. பெரியம்மாவிடம் வெள்ளி வாங்க வழியில்லை. ஆனால் கண்ணெதிரே வெள்ளி வட்டமாக, நாடா வைத்து, தைப்பதற்குத் தோதாக இருக்கிறது. பகல் சாப்பாட்டுக்கு அப்புறம் அவர் அசந்து தூங்கின நேரத்தில் எடுத்துக்கொண்டு மலை ஏறிவிட்டாள். அம்மன் இடுப்பில் கட்டுகிற சிவப்புப் பட்டுக் கச்சையைப் பூசாரியிடம் வாங்கி, இரண்டையும் தன் கையாலேயே அதில் தைத்து, சாத்தச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தாள். அது வெள்ளியே இல்லை, வேறு ஏதோ உலோகம் என்பது பின்னால் தெரிந்த சங்கதி.

அந்த வருஷம் ஆடித் திருவிழாவில் அம்மன் ஊர்வலமாக வரும்போதுதான் பெரியப்பா பார்த்தார். தன் பதக்கங்களைப் போட்டுக்கொண்டு சாமி எதிரே வருகிறது. உடனே காலைச் சேர்த்து வைத்து, விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தாராம். பட்டாளத்துக்காரன் பக்தியைப் பார் என்று பங்காளிகள் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்தும் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் பெரியம்மாவுக்கு ஆறவே இல்லை. கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லுவாள். முடிக்கும்போது மட்டும் குரல் இறங்கிவிடும். ஒரு வாட்டி திட்டியிருந்தாருன்னா நான் நிம்மதியா இருந்திருப்பேன்டி என்பாள்.

நான் மூன்றாவது படிக்கும்போது கள்ளக்குறிச்சியில் சுதந்திர தின விழாவுக்கு முன்னாள் ராணுவத்தினரைக் கூப்பிட்டிருந்தார்கள். நாங்களும் போனோம். மைக்கில் ஒவ்வொருவர் பெயரையும் அவர் வாங்கிய பதக்கங்களையும் படித்துச் சால்வை போர்த்தினார்கள். பெரியப்பாவின் முறை வந்தபோது வெறும் பெயர்தான் வந்தது. எங்கள் ஊர் டீக்கடை ஆட்களும் கூட்டத்தில் இருந்தார்கள். இவர் பனிமலையையும் பார்க்கவில்லை, குண்டையும் பார்க்கவில்லை, கேம்பில் சைக்கிளிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டவர் என்று ஏற்கனவே ஒரு பேச்சு உண்டு. அன்றைக்கு அது உறுதியாகிவிட்டது. ஒருவன் சத்தமாகவே சிரித்தான். பெரியப்பாவும் அவனைப் பார்த்துச் சிரித்தார். பெரியம்மா சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் டிரங்குப் பெட்டி திறக்கப்பட்டது. ஓய்வு பெறும்போது கொடுத்த புத்தகத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள். நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். பதக்கம் என்ற இடத்தில் எல்லோருக்கும் கிடைக்கிற ஏதோ ஒன்று மட்டும் இருந்தது. அந்த இரண்டும் இல்லை. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த சமயம் பட்டாளம் வேறு இடத்துக்கு மாறிக்கொண்டிருந்ததாம், பதிவு பண்ண வேண்டியவர் விட்டுவிட்டாராம். பெரியப்பா இதைச் சாவகாசமாகச் சொன்னார். பெரியம்மா புத்தகத்தை என் கையிலிருந்து பிடுங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். பதக்கத்தை அவள் அம்மனுக்குக் கொடுத்துவிட்டாள், பேப்பரிலும் இல்லை என்றால் மனிதனுக்கு மிச்சம் என்ன இருக்கிறது, நொண்டிக் காலைத் தவிர?

மறுநாளே அவரை இழுத்துக்கொண்டு படைவீரர் நல அலுவலகத்துக்குப் போனாள். வாலைப் போல நானும் போனேன். அங்கே இருந்த அலுவலர் அம்மா நல்ல மாதிரி. திருத்தலாம், எழுதிப் போடலாம் என்றார். பதக்கத்தின் விளிம்பில் பெயரும் நம்பரும் பொறித்திருக்கும், அதன் படமோ அச்சோ இருந்தால் வேலை சுலபம் என்றார். பிறகு, பதக்கம் வீட்டில்தானே இருக்கிறது என்று கேட்டார். பெரியப்பா மின்விசிறியைப் பார்த்தார். பெரியம்மா என் தலையைத் தடவினாள். குலசாமி கிட்ட இருக்குது என்று நான்தான் சொன்னேன்.

அடுத்த அமாவாசைக்கு மலை ஏறினோம். பெரியப்பா மட்டும் வழியெல்லாம் இதெல்லாம் எதற்கு, விடு என்று முனகிக்கொண்டே வந்தார். கோயிலில் பூசாரி அவரைப் பார்த்த பார்வையும் ஒரு மாதிரி இருந்தது. சாமிக்குக் கொடுத்ததைத் திருப்பி எடுக்க முடியாது, வேண்டுமானால் பூக் கேட்கலாம் என்றார் பூசாரி. அம்மன் தலையில் பூவை வைத்துக் கேட்பது. வலது பக்கம் விழுந்தால் சம்மதம், இடது பக்கம் விழுந்தால் கிடையாது. கழற்றி வெளியே எடுத்து வரலாமா என்று கேட்டார்கள். கேட்டு வாய் மூடுமுன் பூ இடது பக்கம் விழுந்தது.

சரி, கழற்றவே வேண்டாம், சாமி மேலேயே வைத்துப் படித்துக்கொள்ளலாமா என்று மறுபடி கேட்டார்கள். இந்தத் தடவை பூ அசையவே இல்லை. கற்பூரம் ஏற்றிப் பார்த்தார்கள், மணி அடித்துப் பார்த்தார்கள். பெரியம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"உனக்குக் குடுத்தத நானா திருப்பிக் கேக்கறேன்? படிச்சிட்டு வுட்டுடறோம். அதுகூட ஆவாதா? அந்த மனுசன் நாலு பேரு எதிர்ல வெறும் ஆளா நின்னுகினு இருக்காரு. நீ போட்டுகினு அழகு பாக்கற."

பூ பொத்தென்று வலது பக்கம் விழுந்தது. பயந்துதான் விழுந்தது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

இப்போது யார் படிப்பது என்ற பிரச்சினை வந்தது. உள்ளே பூசாரி போகலாம், விளக்குத் திரி போடுகிற சின்னப் பெண் பிள்ளைகள் போகலாம். வேறு யாருக்கும் அனுமதி இல்லை, செல்போனுக்கும் இல்லை. பூசாரிக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆக, நான் போனேன். பள்ளியில் காசு மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, காசின் படத்தை எடுக்கிற விளையாட்டில் எங்கள் வகுப்பில் என்னை அடிக்க ஆள் கிடையாது. பையிலிருந்து தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டேன். வாசல்படியில் பூசாரி குனிந்து என் காதில், உள்ளே பார்த்ததையெல்லாம் வெளியே போய்ச் சொல்லக்கூடாது பாப்பா, எழுத்தை மட்டும்தான் சொல்லணும் என்றார். நான் சாமி சத்தியமாகத் தலையை ஆட்டினேன்.

பதக்கத்தின் விளிம்பைச் சுற்றித் தாளைப் பிடித்து மெதுவாகத் தேய்த்தேன். எறும்பு வரிசையாக எழுத்துகள் எழுந்து வந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. நம்பரை ஒவ்வொன்றாகக் கத்திப் படித்தேன். பாதி படிப்பதற்குள் மீதியை வெளியிலிருந்து ஒரு குரல் சொல்லி முடித்தது. எட்டிப் பார்த்தால் பெரியப்பா கொடிமரத்தடியில் காலைச் சேர்த்து விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். அந்த மாதிரிக் குரலில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

தாள் அலுவலகத்துக்குப் போயிற்று. அங்கிருந்து எங்கெங்கோ போயிற்று. எங்கள் வீட்டில் தபால்காரருக்கு மோர் கொடுத்தே பானை காலியானது. மழை வந்து, பொங்கல் வந்து, நான் நாலாவது போன பிறகு கடிதம் வந்தது. பதிவைத் திருத்திவிட்டார்களாம், இரண்டு பதக்கமும் சேர்ந்துவிட்டதாம். அன்றைக்குப் பெரியம்மா கேசரி கிண்டித் தெரு முழுக்கக் கொடுத்தாள். டீக்கடைக்கு என் கையிலேயே ஒரு தட்டு நிறையக் கொடுத்து அனுப்பினாள், அவர்களுக்கு மட்டும் நெய் கொஞ்சம் ஜாஸ்தி.

அந்த வருஷச் சுதந்திர தினத்தில் மைக்கில் பெயர் வந்தது. பெயருக்குப் பின்னால் பனிமலை வந்தது, காயம் வந்தது. மைதானமே கைதட்டியது. போன வருஷம் சிரித்தவன் எழுந்து நின்று தட்டினான். எனக்கு ஒரே ஒரு குறை. மற்றவர்கள் நெஞ்சிலெல்லாம் பதக்கம் ஆடுகிறது, எங்கள் பெரியப்பா நெஞ்சில் சால்வை மட்டும். நல அலுவலகத்து அம்மாவும் அங்கே இருந்தார். காணவில்லை என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் மாற்றுப் பதக்கம் வாங்கித் தருகிறேன் என்று ஆசையாகச் சொன்னார். பெரியம்மா உடனே சரியென்று தலையை ஆட்டினாள். பெரியப்பா மறுத்துவிட்டார்.

"காணாம போவலீங்க மேடம். டியூட்டியில இருக்குது."

அன்றைக்கே நேர்த்திக்கடனாகப் பொங்கல் வைக்க மலைக்கு பஸ் ஏறினோம். கோமுகி அணையைத் தாண்டி வளைவுகள் தொடங்கின. எனக்கு வாந்தி வரும் என்று அம்மா ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்து அனுப்பியிருந்தாள். பெரியம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, எழுதித்தான் குடுத்தா என்ன, நான் பண்ண காரியத்துக்கு நீங்க ஏன் வெறும் நெஞ்சோட நிக்கணும் என்று குரலை இறக்கிக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பூசாரிக்குக் கொடுத்த சத்தியத்தை ஓர் ஓரமாக வைத்துவிட்டு, அவளைத் தேற்றினேன். அம்மன் நல்லாத்தான் வெச்சிருக்கு பெரிம்மா, மத்த நகையெல்லாம் கறுத்துக் கிடக்குது, பெரிப்பா பதக்கம் ரெண்டு மட்டும் தேய்ச்சுத் தேய்ச்சுக் கண்ணாடியாட்டம் இருக்குது, புதுசா நூல் போட்டுத் தச்சுக்கூட வெச்சிருக்குது என்றேன்.

"இன்னா நூலு?"

"பச்சை நூலு."

பெரியம்மா திரும்பி அவரைப் பார்த்தாள். "நான் செவப்பு நூல்ல இல்ல தச்சேன்?"

பெரியப்பா ஒரு வளைவு முழுக்க வெளியே இருந்த மரங்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"தேன் வாங்கப் போனதெல்லாம் இதுக்குத்தானா?"

"தேனும் வாங்கிகினுதான வந்தேன்" என்றார் அவர். பிறகு, "செவப்பு நூலு சீக்கிரம் அறுந்துபுடுது" என்றார்.

பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. இத்தனை வளைவில் யாருக்குத்தான் குமட்டாது? நான் என் எலுமிச்சம்பழத்தை அவள் மூக்கருகே நீட்டி, மோந்து பார் பெரிம்மா, சரியாப்போவும் என்றேன். அவள் பழத்தோடு சேர்த்து என் கையையும் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டு, அழுதுகொண்டே சிரித்தாள். பழம் நன்றாக வேலை செய்கிறது என்று எனக்குத் திருப்தியாக இருந்தது. மடியிலிருந்த பையின் வாரைக் கையில் சுற்றிக்கொண்டு, மலை உச்சி வரைக்கும் அம்மனுக்கு அந்தப் பச்சை நூல் எந்தக் கடையில் கிடைத்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே போனேன்.