மீன் வண்டியில் போன செல்போன்

சுகிர்தாவின் கடைக்குச் சுவர் கிடையாது. காரைக்கால் பேருந்து நிலையத்துக்கு வெளியே ஒரு பெரிய குடை, ஒரு மேசை, சிம் கார்டுகள், அப்புறம் அவள் வாய். அந்த வாய்க்குப் பயந்தே, போன் கவர் விற்கிற நான் என் குடையை நாலடி தள்ளிப் போட்டிருக்கிறேன்.

பெண்டாட்டி எங்கே போகிறாள், மகன் யாரோடு சுற்றுகிறான், நம்பரை வைத்துப் பார்த்துச் சொல் என்று வாரத்துக்கு நாலு பேராவது அவளிடம் வருவார்கள். "சிம்முதான் விக்கிறேன், ஆளைப் புடிச்சுக் குடுக்கிற வேலை பாக்கல. கெளம்புங்க!" என்று விரட்டிவிடுவாள். அப்படிப்பட்டவள் போன ஞாயிற்றுக்கிழமை என்னையும் ஒரு வம்பில் இழுத்துவிட்டாள்.

அதற்கு முதல் நாள் எழில்மதி என்று ஒரு பெண் வந்தாள். நெடுங்காட்டுப் பக்கம் ஊர். ஞாயிறன்று வீட்டில் அவளுக்கு நிச்சயதார்த்தம், அதே காலையில் காரைக்காலில் அரசு வேலைக்குத் தேர்வு. தேர்வு விஷயம் வீட்டுக்குத் தெரியாது. சொல்லாமல் கிளம்பி, தோழி வீட்டில் தங்கியிருந்தாள்.

"லொகேஷனை ஆஃப் பண்ணிட்டேங்க்கா. புது சிம்மும் போட்டுட்டா யாராலயும் கண்டுபுடிக்க முடியாதுல்ல?"

"அடி அசடே! போன் உசுரோட இருக்கிற வரைக்கும் எங்க இருக்கோம்னு டவர்கிட்ட சொல்லிக்கிட்டேதான் இருக்கும். சிம்மை மாத்தினாலும் போனுக்குன்னு தனியா ஒரு நம்பர் இருக்குல்ல? இங்க வச்சுட்டுப் போ. பரீட்சை முடிஞ்சு வந்து வாங்கிக்க."

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் காரில் வந்து இறங்கினார்கள் எழில்மதியின் அண்ணன் செந்தில்குமாரும் அப்பா பஞ்சநாதனும். செல்போன் கம்பெனியில் இருக்கிற நண்பன் ஒருவன், அவள் போன் எந்த டவரில் இருக்கிறது என்று திருட்டுத்தனமாகப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தானாம். "இந்த டவர் பக்கத்துலதான் இருக்காளாம். பாத்தீங்களா?" என்று அண்ணன் போட்டோவைக் காட்டினான். "இல்லீங்களே" என்றாள் சுகிர்தா. அவள் மேசை இழுப்பறைக்குள் அந்தப் போன் உயிரோடு கிடந்தது.

அப்பா என் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். அண்ணன் நிலையத்துக்குள் தேடப் போனான்.

"அதை அணைச்சுத் தொலையேன்!" என்று சுகிர்தாவின் காதைக் கடித்தேன்.

"அணைச்சா கடைசியா இருந்த இடத்தையே சல்லடை போட்டுத் தேடுவாங்கண்ணே. ஓடிக்கிட்டே இருந்தா பின்னாலயே ஓடுவாங்க."

காரைக்கால்மேட்டிலிருந்து தஞ்சாவூருக்கு மீன் ஏற்றிப் போகிற சுப்பையன், வழக்கம்போல் வண்டியை நிறுத்தி டீ குடித்துக்கொண்டிருந்தார். சுகிர்தா அலட்டிக்கொள்ளாமல் நடந்துபோய், வண்டியின் முன்சீட்டுக்கு அடியில் போனைச் செருகிவிட்டு வந்தாள். வண்டி கிளம்பிற்று.

கொஞ்ச நேரத்தில் செந்தில்குமார் தலைதெறிக்க ஓடி வந்தான். "டவர் மாறுதாம்ப்பா! திருவாரூர் ரோட்டுல போறாளாம்! நீங்க இங்கயே பாத்துக்கிட்டு இருங்க!" கார் பறந்தது. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மணி பத்தடித்தது. இந்நேரம் கேள்வித்தாள் கொடுத்திருப்பார்கள். பஞ்சநாதன் எழுந்து சுகிர்தாவின் குடைக்குள் போய் நின்றார்.

"அந்தப் போனுக்கு மயில் படம் போட்ட கவர்தானேம்மா? நான் வாங்கிக் குடுத்தது. நீங்க வண்டியில வச்சதைப் பார்த்தேன்."

அத்தனை பேச்சுப் பேசுகிறவள், அடுக்கி வைத்திருந்த சிம் கார்டுகளையே மறுபடி அடுக்கினாள்.

"எங்க இருக்கான்னு கேக்கலம்மா. சாப்புட்டாளா?"

"காலையில பரீட்சைக்குப் போறப்ப நான்தாங்கய்யா வாங்கிக் குடுத்தேன். மூணு இட்லி. நாலாவது வேணாம்னுட்டா."

"பரீட்சைன்னாலே அப்படித்தான். சின்ன வயசுலேருந்தே" என்றார்.

சுகிர்தா சொல்வதற்கு முன்பே அவருக்குப் பரீட்சை விஷயம் தெரிந்திருக்கிறது.

பதினொன்றரை மணிக்கு அவர் போன் அடித்தது. தஞ்சாவூர் மீன் மார்க்கெட்டிலிருந்து மகன் கத்துவது எனக்கே கேட்டது. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"இங்கதாம்ப்பா பாத்துக்கிட்டே இருக்கேன்" என்றார். "இன்னும் கண்ணுல படல."