காற்று நின்ற நேரம்

சின்ன காஞ்சிபுரம். பேருந்துகள் நின்றுவிட்டன. மழைக்கு ஒதுங்கிய என்னை நெசவாளி வள்ளி வீட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறார். தறிக்குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கிறது. சொம்பால் மொண்டு மொண்டு வெளியே கொட்டுகிறார். பார்வை மட்டும் என் செல்போனில். காலையில் வெறும் புயல், மதியம் தீவிரப் புயல், இப்போது அதிதீவிரப் புயல்.

அவர் கணவர் சேலை கொடுக்க கடலோர மரக்காணம் பக்கம் பைக்கில் போனவர், அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறார். வள்ளியின் போன் அடிக்கிறது. பேசி முடித்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"காத்து சுத்தமா நின்னுடுச்சாம்மா. புயல் கடந்துடுச்சு, இதோ கெளம்பறேன்றாரு."

என் செல்போனில் செய்தி வேறு. புயலின் கண்தான், காற்றில்லாத அதன் நடுப்பகுதிதான், மரக்காணத்தில் கரையைத் தொட்டிருக்கிறது. மீதிப் பாதி இனிமேல்தான் அடிக்கும். தறியோடு வாழ்கிற மனிதருக்குக் கடற்காற்றின் சூது எப்படித் தெரியும்?

"திரும்பப் போகச் சொல்லுங்க! பள்ளிக்கூடத்துக்கே போகச் சொல்லுங்க!" என்று கத்துகிறேன்.

வள்ளி கூப்பிடுகிறார். மணி அடிக்கிறது, அவர் எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிடுகிறார்.

"வண்டி ஓட்டிக்கினு இருக்கறப்ப அவரு போன எடுக்க மாட்டாரும்மா" என்கிறார். "நான்தான் சத்தியம் வாங்கினேன்."