இருநூற்றுப் பதினான்காம் வில்லை

கப்பலின் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் அந்த மனிதரை எல்லோரும் ஊர்சுத்தி என்றுதான் கூப்பிடுவார்கள். உல்லாசக் கப்பல் ஒரு துறைமுகத்தில் படியை இறக்க வேண்டியதுதான் பாக்கி, மனிதர் சட்டையை மாற்றிக்கொண்டு முதல் ஆளாக வாசலில் நிற்பார். மற்ற சிப்பந்திகள் கிடைத்த நாலு மணி நேரத்தில் அடித்துப் போட்டது போலத் தூங்குவார்கள். இவருக்கு மட்டும் காலில் சக்கரம்.

"அந்த ஊர்ல பெரிய கோட்டை இருக்காமே, பார்த்தியா?" என்று சமையற்காரர் கேட்பார்.

"இல்லையே."

"கோட்டையும் பார்க்கல, கடற்கரையும் பார்க்கல. அப்ப என்னத்தைத்தான்யா பார்த்த?"

சலவைக்காரர் சிரித்து மழுப்பிவிடுவார். அவர் பார்த்ததெல்லாம் முகங்கள். துறைமுகத்தை விட்டு வெளியே வந்ததும் கால்கள் தாமாகவே சில இடங்களுக்குப் போய்விடும். சரக்குக் கிடங்கு, கூலியாட்கள் சாப்பிடும் மலிவான கடை, ஆஸ்பத்திரியின் நீள வராந்தா. ஒருமுறை, ஒரு தோளைத் தாழ்த்தி நடந்த ஒருவன் பின்னால் மூன்று தெரு ஓடினார். அவன் ஒரு சலூனுக்குள் நுழைந்து, நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியில் முகத்தைக் காட்டினான். வேறு யாரோ. வந்த பாவத்துக்கு இவரும் முடிவெட்டிக்கொண்டு திரும்பினார். அந்த மாதத்தில் அது மூன்றாவது தடவை, தலையில் வெட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

தேடியது மச்சானை, மனைவியின் ஒரே தம்பியை. பதினாறு வருடத் தேடல். அவனும் இவரோடு அதே சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவன்தான். நடுக்கடலில் தவறி விழுந்து இறந்துவிட்டான் என்று கப்பல் கம்பெனி முத்திரை குத்தி ஒரு கடிதம் அனுப்பிய கையோடு வேலையைப் பார்க்கப் போய்விட்டது. மனைவி அதை நம்பவே இல்லை.

"கடல்ல விழற பயலா அவன்? பக்கெட் தண்ணியைக் கண்டாலே பயப்படுவான், கப்பல் ஓரத்துக்கே போகமாட்டான். எங்கயோ இறங்கி மாட்டிக்கிட்டான். போற ஊர்லயெல்லாம் கொஞ்சம் பாருங்க."

அன்றிலிருந்து ஒவ்வொரு துறைமுகத்திலும் தொலைபேசியில் அதே கேள்வி.

"இந்த ஊர்ல பார்த்தீங்களா?"

"பார்த்தேன். இல்ல."

"சரி, அடுத்த ஊர்ல பாருங்க."

அவளுக்கு இருந்தது வெறும் நம்பிக்கை. இவருக்கோ கையில் ஆதாரமே இருந்தது. அதைத்தான் பதினாறு வருடமாக வாய்க்குள் பூட்டி வைத்திருந்தார்.

இப்போதெல்லாம் அட்டையைத் தேய்த்தால் போதும், வாசலில் இருக்கும் இயந்திரம் கீச்சிட்டு, ஆள் உள்ளே வந்துவிட்டான் என்று திரையில் முகத்தைக் காட்டிவிடும். பதினாறு வருடத்துக்கு முன் அவர்கள் இருந்த பழைய கப்பலில் வாசலையொட்டி ஒரு மரப்பலகை. அதில் வரிசையாக ஆணிகள், ஒவ்வொரு ஆணியிலும் எண் எழுதிய ஒரு தகர வில்லை. வெளியே போகிறவன் தன் வில்லையைச் சிவப்புப் பக்கம் திருப்பிவிட்டுப் போக வேண்டும், வந்ததும் வெள்ளைப் பக்கம் திருப்ப வேண்டும். பலகை முழுக்க வெள்ளையானால் கப்பல் கிளம்பலாம். நேரம் தவறி வந்தவனுக்கு வேலை அதோடு சரி. அதனால் சிப்பந்திகளுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. முன்னால் வருகிறவன் பின்னால் வருகிறவனின் வில்லையையும் சேர்த்துத் திருப்பிவிடுவான். காவலாளியும் கண்டும் காணாமல் இருப்பார். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கதவைத் திறந்துவிடுவது போல, அதை யாரும் தப்பு என்று நினைத்ததே கிடையாது.

அன்று அவரும் மச்சானும் சேர்ந்துதான் ஊருக்குள் போனார்கள். அக்காவின் கைக்கடிகாரம் நின்றுபோயிருந்தது. அதைக் காலையில் ஒரு கடையில் பழுதுபார்க்கக் கொடுத்தான் மச்சான், ஐந்து மணிக்கு வரச் சொன்னார்கள். கப்பலில் ஏற ஐந்தரை வரைதான் நேரம்.

"அத்தான், நீங்க முன்னாடி போய் என் வில்லையையும் திருப்பிடுங்க. பத்தே நிமிஷம், வாட்சை வாங்கிட்டுப் பின்னாடியே ஓடி வந்துடறேன்."

"லேட் பண்ணின, தோலை உரிச்சிடுவேன்."

"உரிச்சு, துவைச்சு, இஸ்திரி போட்டுக் கொடுங்க. நம்ம தொழில்தானே!"

இவர் வந்தார். தன் வில்லையைத் திருப்பினார். மச்சானின் இருநூற்றுப் பதினாலையும் திருப்பினார். உடனே கீழேயிருந்து ஆள் வந்துவிட்டது, மலையாகக் குவிந்துகிடந்த துண்டுகளைத் துவைக்க. சலவைக்கூடத்துக்கு ஜன்னல் கிடையாது. தரை அதிர ஆரம்பித்தபோதுதான் கப்பல் கிளம்பியது தெரிந்தது. பயல் வந்து படுத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை படுக்கை விரிப்பு மடிக்கும் வேலை. அதற்கு இரண்டு பேர் வேண்டும், ஆளுக்கு ஒரு முனை. மறுமுனைக்கு ஆள் வரவில்லை.

பலகை வெள்ளையைத்தான் காட்டியது. அதனால் எல்லோரும் கடலில்தான் தேடினார்கள், ஊரை ஒருவரும் நினைக்கவில்லை. முதல் ஒரு மணி நேரம், எங்காவது தூங்கிவிட்டு வந்துவிடுவான் என்று நினைத்தார் சலவைக்காரர். அடுத்த ஒரு மணி நேரம் பயந்தார். பெண் குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது, வேலை போனால் என்ன செய்வது? அதற்கடுத்த மணி நேரத்தில் முந்நூறு பேர் கம்பியில் சாய்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் போய் எப்படிச் சொல்வது? அவரும் கம்பியில் சாய்ந்து தண்ணீரைப் பார்த்தார். அந்தப் பாவிக்கு அது எப்படித்தான் முடிந்ததோ!

பிறகு அந்த ஊர் பயணப் பட்டியலிலிருந்தே போய்விட்டது. துறைமுக ஆபீசுக்கு மூன்று கடிதம் எழுதினார், தன் பெயரைப் போடாமல். பெயர் போடாத கடிதத்துக்கு யார் பதில் எழுதுவார்கள்? கப்பலை விட்டவன் இன்னொரு கப்பலில் ஏறி வேறெங்காவது இறங்கியிருப்பான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு ஊர் ஊராகத் தேடினார். விரிப்பு மடிக்கும்போது மட்டும் அந்தச் சமாதானம் எடுபடாது. வெடுக்கென்று மறுமுனையை இழுத்து இவரைத் தடுமாற வைப்பது மச்சானின் குறும்பு. இப்போது மறுமுனையைப் பிடிக்கிறவன் சாது, இழுக்கவே மாட்டான். ஆனாலும் இழுபடும். பதினாறு வருடமாக, தினமும் ஒருமுறையாவது.

இந்த வருடப் பட்டியலில் அந்த ஊர் திரும்ப வந்தது. பார்த்தால், அன்று கப்பலிலேயே காவலுக்கு இருக்க வேண்டிய முறை இவருடையது. சமையற்காரரின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி முறையை மாற்றிக்கொண்டார்.

"இந்த ஊர்ல உனக்கென்னய்யா, மாமியார் வீடா?" என்று சிரித்தார் சமையற்காரர். சலவைக்காரரால் சிரிக்க முடியவில்லை.

கடை அதே சந்தில் இருந்தது. ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தலை நரைத்திருந்தது. அவர் வாயைத் திறக்கும் முன்பே அவள் பார்வை அவர் சட்டைக் காலரின் மடிப்பில் போய் நின்றது. அங்கே, சிப்பந்திகள் எல்லோருடைய காலரிலும் அவர் எழுதுவது போல, சலவை மையில் எழுதிய எண்.

"அத்தான்?" என்றாள்.

கப்பல்காரர்களுக்கும் துறைமுகத்துக்காரர்களுக்கும் பொதுவான ஒரு அரைகுறை மொழி உண்டு, மற்றதெல்லாம் அதில்தான் பேசினாள். அந்த ஒரு சொல்லை மட்டும் மச்சான் சொன்ன மாதிரியே சொன்னாள். அதுதான் இவர் பெயர் என்று நினைத்திருந்தாள்.

"உட்காருங்க. நீங்க வருவீங்கன்னு சொல்லியிருந்தார்," என்றாள். "அன்னிக்கு வாட்சை மூடற நேரத்துல ஒரு திருகு கீழ விழுந்துடுச்சு. தேடி எடுக்க அரை மணி நேரம். அது என் தப்பு. வாங்கிட்டு ஓடினவர் மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். கப்பல் போயிடுச்சு, இந்த ஊர்ல எனக்கு உங்களை மட்டும்தான் தெரியும்னார். நான்தான் துறைமுக ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போனேன். அவங்க ரேடியோவுல கப்பலைக் கூப்பிட்டாங்க."

"அப்புறம்?"

"எங்க ஆள் யாரும் குறையல, இருநூத்திப் பதினாலு கப்பல்லதான் இருக்கார்னு பதில் வந்துது. இவரைப் பார்த்து, அப்ப நீ யாருன்னு கேட்டாங்க. முதல்ல அவர் சிரிச்சார். 'அத்தான் திருப்பிட்டார்'னார். எனக்கு ஒண்ணும் புரியல."

சலவைக்காரருக்குப் புரிந்தது. ரேடியோக்காரர் பலகையை எட்டிப் பார்த்துப் பதில் சொல்லியிருக்கிறார். மறுநாள் அவரும் வாயைத் திறக்கவில்லை. வாயை மூடிக்கொண்டது தான் ஒருவன்தான் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தார்.

"கப்பல் அப்ப தூரத்துல தெரிஞ்சுட்டுத்தான் இருந்துது. ஒரு மீன்படகுக்காரரைக் கெஞ்சி ஏறினார். வேணாம், அலை பெரிசா இருக்குன்னேன். நான் போய்ச் சேரலேன்னா அத்தானுக்கு வேலை போயிடும்னார். தண்ணி பட்டா அக்கா திட்டும்னு வாட்சை என் கையில கொடுத்தார். படகு கவிழ்ந்துடுச்சு. படகுக்காரர் நீந்தி வந்துட்டார். இவர் மூணாம் நாள் கரை ஒதுங்கினார்."

பக்கெட் தண்ணிக்குப் பயந்தவன். யாருக்காகப் படகில் ஏறினான் என்பது இப்போது தெரிந்துவிட்டது. சலவைக்காரர் மேசையில் தலையை வைத்துக்கொண்டு அழுதார். அவள் கடைக் கதவைப் பாதி சாத்தினாள்.

ஊர்ப் பொது இடுகாடு பத்து நிமிட நடை. அவளே கூட வந்தாள். ஓரத்தில் ஒரு சின்னக் கல். பெயர் இல்லை, எண் மட்டும். இருநூற்றுப் பதினாலு கப்பலில்தான் இருக்கிறான் என்று ரேடியோவில் பதில் வந்திருந்ததால், ஆபீஸ் அவன் பெயரைக் கல்லில் போட அனுமதிக்கவில்லையாம். சட்டைக் காலரில் இருந்ததைப் பார்த்துக் கல் வெட்டுகிறவர் அப்படியே வெட்டியிருந்தார். நாலின் காலைக் கொஞ்சம் கீழே நீட்டி இழுப்பது சலவைக்காரரின் கைப்பழக்கம். கல்லிலும் அது நீண்டிருந்தது.

துறைமுக வாசலில் நின்று வீட்டுக்குப் பேசினார். உள்ளங்கையில் கடைக்காரி கொடுத்த கடிகாரம்.

"இந்த ஊர்ல பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

அடுத்து வர வேண்டிய 'இல்ல'வுக்காக அவள் காத்திருந்தாள். அது வரவில்லை. அவர் எல்லாவற்றையும் சொன்னார். திருகு, ரேடியோ, படகு, கல். கடைசியாகத்தான் முதலில் சொல்ல வேண்டியதைச் சொன்னார்.

"வில்லையைத் திருப்பினது நான்தான்."

அந்தப் பக்கம் சமையலறைக் குழாயில் தண்ணீர் கொட்டும் ஒலி மட்டும் கேட்டது. பிறகு அதையும் யாரோ மூடினார்கள்.

"வாட்ச் ஓடுதா?"

"ஓடுது. அந்தம்மா நிக்க விடாம பார்த்துக்கிட்டாங்க."

"மணி என்ன காட்டுது?"

"நாலே முக்கால்."

"கப்பல்ல எத்தனை மணிக்குள்ள ஏறணும்?"

"அஞ்சரை."

"போய் ஏறுங்க. உங்க வில்லையைத் திருப்பிவிட அங்க யாரும் இல்ல."

தொடர்பு அறுந்தது.

ஊர்சுத்தி இப்போதெல்லாம் எந்த ஊரிலும் இறங்குவதில்லை. கப்பல் கிளம்பும் நேரத்தில் வாசலில் காவலாளியின் பக்கத்தில் போய் நின்று, ஏறுகிற ஒவ்வொருவர் முகத்தையும் பார்ப்பார். இயந்திரம் கீச்சிடுவதெல்லாம் அவருக்குக் கணக்கில்லை. "எல்லாரும் வந்தாச்சுய்யா, போய்த் தொலை," என்று காவலாளி விரட்டினாலும் இன்னும் ஐந்து நிமிடம் நிற்பார். வீட்டுக்குப் பேசுகிறார், அவளும் பேசுகிறாள். மகளின் பரீட்சை, கூரை ஒழுகுவது, தண்ணீர் வராதது, எல்லாம் சொல்கிறாள். இந்த ஊர்ல பார்த்தீங்களா என்று மட்டும் கேட்பதில்லை. தொலைபேசியை வைக்கும் முன் அவர் கொஞ்ச நேரம் அந்தக் கேள்விக்காகக் காத்திருக்கிறார். பிறகு கீழே போய் விரிப்பின் ஒரு முனையைப் பிடிக்கிறார். அது இன்னும் இழுபடுகிறது.