இரட்டைத் தையல்

ஆப்கானிஸ்தானில் வெளிநாட்டுப் படை முகாம் ஒன்றில் நான் டெய்லராக இருந்தேன். உள்ளூர்ப் பையன்களுக்குத் துப்பாக்கி கொடுத்து, சண்டை சொல்லிக்கொடுத்து, இனி உங்கள் நாட்டை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். கொடுத்த உடுப்பெல்லாம் வெள்ளைக்காரன் அளவு. அதைப் பிடித்துச் சின்னதாக்குவது என் வேலை. அதில் ஒரு சிப்பாய், என் தம்பி வயசு. அவன் குளிர்கோட்டில் பெயர்ப்பட்டை தைத்தபோது பக்கத்திலேயே நின்றான். எங்களுக்குள் உருதுதான்; டெய்லர் மாஸ்டர் என்பதற்கு 'உஸ்தாத்' என்பான்.

"ரெட்டைத் தையலாப் போடுங்க உஸ்தாத். நான் செத்தாலும் பேரு பிய்யக் கூடாது."

போட்டுக் கொடுத்தேன்.

முகாமை மூடினார்கள். நான் திருவாரூர் வந்து கடைத்தெருவில் மெஷின் போட்டேன். அந்த நாடு எதிரிகள் கையில் விழுந்த அன்று காலையிலிருந்து அவனுக்குப் போன் அடித்துக்கொண்டே இருந்தேன். எடுக்கவில்லை. பக்கத்து செல்போன் கடைக்காரர் டிவி பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தார்.

"அவ்வளவு துப்பாக்கி குடுத்தும் ஓடிட்டானுங்களே பாய்! தொடைநடுங்கிப் பசங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வாயைக் கழுவுங்க! அங்க எனக்குத் தெரிஞ்ச சிப்பாய்ப் பையன் மாசக்கணக்கா சம்பளம் வரலைன்னு போன்ல அழுதான். ரொட்டி வரல. ஹெலிகாப்டர ரிப்பேர் பாக்குற வெள்ளைக்காரன் மொத ஆளா ஊரு போயிட்டான். மோட்டாரைக் குடுத்துட்டுக் கரண்டைப் புடுங்கிட்டா எவன் தண்ணி எறைப்பான்? எப்ப சண்டை, எப்ப நிறுத்தம்னு பேசுனதெல்லாம் அந்த வெளிநாட்டுக்காரங்க. சாகுறது மட்டும் இவனோட சொந்தச் சண்டையா?"

அவர் பதில் சொல்வதற்குள் போன் வந்தது. அவன்தான்.

"உஸ்தாத், இந்தப் பேரை எப்படிப் பிரிக்கிறது? வழியெல்லாம் சோதனை. சிப்பாய்னு தெரிஞ்சா சுட்டுடுவாங்க."

"கோட்டைக் கழட்டி வீசுடா!"

"ராத்திரியோட மலையைத் தாண்டணும். இது இல்லன்னா வெறைச்சே செத்துருவேன்."

"உள்பக்கம் திருப்பு. பிளேடால அடிநூலை அறு."

ஒரு வரிசை வந்தது. அடுத்தது வரவில்லை. என் கையில் கொள்ளியை வைக்க, அத்தனை இறுக்கமாகத் தைத்திருக்கிறேன். ஒருவழியாக வந்துவிட்டது என்றான். அப்புறம் குரல் உடைந்தது.

"கோட்டு வெளுத்துப் போச்சு உஸ்தாத். பட்டை இருந்த எடம் மட்டும் புதுசா இருக்கு. தூரத்துலேருந்தே தெரியுது."

"சேத்தை அள்ளிப் பூசுடா!"

"இங்க சேறு ஏது? எல்லாம் கல்லு."

லைன் அறுந்தது. செல்போன் கடைக்காரர் என் போனை வாங்கி அவரே திரும்பத் திரும்ப அடித்தார்.

"சுவிட்ச் ஆஃப்னு வருது பாய்" என்றார்.

இன்றுவரை அப்படித்தான் வருகிறது. துப்பாக்கி கொடுத்தவர்கள் எல்லோரும் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.