கடைசி பஸ்ஸும் கடைசிக் காட்சியும்

பத்து வயது வரைக்கும் நான் ஒரு சினிமாவையும் முடிவு வரை பார்த்ததில்லை. நான் மட்டுமல்ல, எங்கள் எஸ்டேட்டில் தொழிலாளிகள் குடியிருந்த லைன் வீடுகளில் இருந்த ஒருவருமே பார்த்ததில்லை. ஏற்காட்டிலிருந்து வாழவந்திக்குப் போகிற வழியில் எங்கள் எஸ்டேட். படம் பார்க்க வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் சேலத்துக்கு இறங்க வேண்டும். பகலாட்டம் பார்த்துவிட்டு மலைக்குத் திரும்பும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அந்தப் பஸ்ஸோ, படம் முடியக் கால் மணி நேரம் இருக்கும்போதே கிளம்பிவிடும். அதனால் கதாநாயகன் வில்லனின் சட்டையைப் பிடிக்கிற சமயத்தில் நாங்கள் இருட்டில் செருப்பைத் துழாவிக்கொண்டிருப்போம். சேலத்துக்காரர்கள் எங்களை வைத்து மணி பார்ப்பார்கள். மலைக்காரங்க எந்திரிச்சாச்சு, இனிக் கொஞ்ச நேரந்தான் என்று ஒருவர் தன் சம்சாரத்திடம் சொன்னதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன்.

இதில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. முடிவை நாங்களே வைத்துக்கொள்வோம். திங்கட்கிழமை காப்பிப் பழம் பறிக்க ஆளுக்கொரு வரிசை பிடித்து இறங்கியதும், படம் பார்த்தவர் கதையை ஆரம்பிப்பார். எழுந்து ஓடிய இடம் வந்ததும் நிறுத்திவிடுவார். அதற்குப் பிறகு என்ன நடந்திருக்கும் என்பதைப் பறிக்கிறவர்கள் எல்லோரும் பேசி முடிப்பார்கள். செடிக்குச் செடி ஒரு கட்சி இருக்கும். இரண்டு நாளோ மூன்று நாளோ வாதாடி, எது நிற்கிறதோ அதுதான் படத்தின் முடிவு. அப்படி நாங்கள் முடித்து வைத்த படங்களில் யாரும் வீணாகச் செத்ததில்லை.

இந்தச் சபைக்குத் தலைவி என் அத்தை, அப்பாவின் அக்கா. அவள் தேறும் என்று சொன்னால் அடுத்த ஞாயிறு பஸ்ஸில் இடம் கிடைக்காது. தேறாது என்றால் அந்தப் படம் எங்கள் மலையைப் பொறுத்தவரை செத்தது. அத்தை எழுதப் படிக்கத் தெரியாதவள். ஆனால் ஒரு நடிகையின் அழுகையைப் பார்த்து, இது வெங்காயத்து அழுகை, இது வயிற்றெரிச்சல் அழுகை என்று பிரித்துச் சொல்வாள். சண்டைக் காட்சி நீண்டுவிட்டால், இந்த நேரத்துக்கு நான் ரெண்டு கூடை பறிச்சிருப்பேன் என்பாள். அதற்கு மேல் ஒரு விமர்சனம் எழுத முடியும் என்று எனக்கு இன்றைக்கும் தோன்றவில்லை.

அந்த வருஷம் மார்கழியில் அத்தை பார்த்துவிட்டு வந்த படம்தான் எங்கள் லைனையே ஓர் ஆட்டு ஆட்டியது. வந்ததும் அவள் சொன்ன முதல் குறை, அது கறுப்பு வெள்ளைப் படம் என்பது. கலர்ப் படங்கள் வரத் தொடங்கி எல்லோருக்கும் கண் பழகியிருந்த காலம் அது. கட்டினது பட்டுச் சீலையா நூல் சீலையான்னுகூடத் தெரியல, எல்லாம் அடுப்புச் சாம்பலாட்டம் இருக்குது என்று அலுத்துக்கொண்டாள். ஆனாலும் கதை நொம்ப நல்ல கதை என்றாள்.

குடித்துவிட்டு அடிக்கிற புருஷன். ஒருநாள் பெண்டாட்டியை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறான். அவள் வேறு ஊருக்குப் போய், ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்துத் தனியாகப் பிழைக்கிறாள். நாலு வருஷம் கழித்து, கொட்டுகிற மழையில் அவன் வந்து அவள் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். உள்ளே அவள் தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். அங்கேதான் அத்தை செருப்பைத் தேடியிருக்கிறாள்.

தாழ்ப்பாள் திறந்ததா, இல்லையா? இதுதான் கேள்வி. கதவுன்னு ஒண்ணு இருந்தா தொறக்கத்தானே வேணும் என்றாள் அத்தை. மழையில் நனைந்து வந்தவனை நிற்க வைத்தால் சனங்கள் திரையைக் கிழித்துவிடுவார்கள் என்றார் மேஸ்திரி. ஒரு பெண் மட்டும், திறப்பாள், ஆனால் ஒரு வாரம் வெளியிலேயே சோறு போடுவாள் என்றாள். திறக்க மாட்டாள் என்று சொல்ல ஆளே இல்லை. அப்படியும் பேச்சு ஓயவில்லை. இரண்டு வாரம் ஓடியது. எல்லோரும் ஒரே பக்கம் இருக்கும்போது எதற்கு இத்தனை வாதம் என்று எனக்கு விளங்கவேயில்லை. இன்னொன்றும் கவனித்தேன். பெரியப்பா மகளின் வரிசைக்குப் பக்கத்தில் வந்தால் எல்லோருக்கும் குரல் உயர்ந்துவிடும், ஏதோ அவளுக்குக் காது மந்தம் என்பதுபோல.

அந்த அக்கா பக்கத்து வீட்டில் பெரியப்பாவோடு இருந்தாள். கீழ்நாட்டில், மலையடிவாரத்துக்கு அப்பால் ஓர் ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மத்தியானம் கட்டிய சீலையோடு மலையேறி வந்தவள், திரும்பப் போகவில்லை. வந்த நாளிலிருந்தே அவளுடைய இடது முழங்கை முழுதாக நீளாது. அந்தக் கையால் கிளையை வளைத்துப் பிடித்து, வலது கையால் பறிப்பாள். அப்படியும் மற்றவர்களுக்கு முன்னால் கூடை நிரம்பிவிடும். அந்த மார்கழியில்தான் அவள் புருஷன் ஆள்விட்டிருந்தான். குடியை விட்டாயிற்று, தை பிறப்பதற்குள் வந்து அழைத்துப் போகிறேன் என்று. மார்கழியானாலும் வியாழக்கிழமை நல்ல நாள்தான் என்று பெரியப்பாவும் தலையாட்டியிருந்தார். அக்காவிடம் யாரும் கேட்டதாக நினைவில்லை. படத்தைப் பற்றித்தான் கேட்டார்கள்.

"நீ என்ன கண்ணு சொல்ற? தொறப்பாளா, மாட்டாளா?" என்றாள் அத்தை ஒருநாள், வரிசைக்கு வரிசை கேட்கும்படி.

"நான் படம் பாக்கலீங்களே அத்தை" என்றாள் அக்கா. கூடையை இடுப்பில் சரித்துக்கொண்டு அடுத்த செடிக்குப் போய்விட்டாள்.

இந்தச் சமயத்தில் சேலத்து மாமா வீட்டில் மார்கழி பஜனை. எனக்கு அரைப் பரீட்சை லீவு. நான் நாலு நாள் அங்கேயே தங்கப் போகிறேன் என்றதும் லைனே என்னைச் சூழ்ந்துகொண்டது. மாமா வீடு சேலத்திலேயே இருக்கிறது, எனக்குக் கடைசி பஸ் கிடையாது, ஆக மலையிலேயே முதல் ஆளாக நான் ஒரு படத்தை முழுதாகப் பார்க்க முடியும். என்னை பஸ் ஏற்ற ஏழு பேர் வந்தார்கள். "வெவரமாப் பாத்துட்டு வா சாமி, பாதியில தூங்கீறாத" என்றார் மேஸ்திரி. கலெக்டர் வேலைக்குப் போகிறவள்போல ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டேன்.

நான் தூங்கவில்லை. மேஸ்திரியின் வாக்கைக் காப்பாற்றினேன். ஆனால் மாமி இடைவேளையில் முறுக்கும் சோடாவும் வாங்கிக் கொடுத்தாள். ஒன்று போதாதென்று நான் இரண்டாவது சோடாவும் கேட்டு வாங்கிக் குடித்தேன். திரையில் மழை பிடித்துக்கொண்ட நேரத்தில் எனக்கும் அடிவயிறு பிடித்துக்கொண்டது. பல்லைக் கடித்தேன். காலைப் பின்னினேன். அவன் கதவைத் தட்டினான். அவள் தாழ்ப்பாளில் கை வைத்தாள். இனி ஒரு நொடி உட்கார்ந்தாலும் பாவாடை நனைந்துவிடும். மாமி முணுமுணுத்துக்கொண்டே என்னை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். கழிப்பறை வாசலில் எனக்கு முன்னால் ஐந்து பேர். திரும்பி வந்து வாசல் படுதாவை விலக்கினால் சனங்கள் எல்லாம் விறைப்பாக நிற்கிறார்கள், தேசிய கீதம் ஓடுகிறது. நானும் நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு துக்கத்தோடு நான் தேசிய கீதத்துக்கு நின்றதில்லை. என்னால் முடிவைத் தவறவிட்ட மாமி, வீடு வரைக்கும் என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

மலைக்குத் திரும்பிய மறுநாள், செவ்வாய்க்கிழமை மத்தியானம், சில்வர் ஓக் மரத்தடியில் எல்லோரும் சோற்றுத் தூக்கைத் திறந்தபோது என்னை நடுவில் உட்கார வைத்தார்கள். அத்தை தன் தூக்கிலிருந்த கருவாட்டுத் துண்டை எடுத்து என் தட்டில் வைத்தாள். அந்தக் கருவாட்டை வாங்கிக்கொண்ட பிறகு, நான் ஒண்ணுக்குப் போயிருந்தேன் என்று எப்படிச் சொல்ல முடியும்? யோசிக்கவே இல்லை, ஆரம்பித்துவிட்டேன்.

தாழ்ப்பாளைத் திறந்தாள் என்றேன். பார்த்தீங்களா என்று அத்தை எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். அந்தப் பார்வைதான் எனக்கு வேகம் கொடுத்தது என்று நினைக்கிறேன். எல்லோருக்கும் தெரிந்த முடிவைச் சொல்லவா ஏழு பேர் வந்து என்னை பஸ் ஏற்றினார்கள்? திறந்தாள், ஆனால் அவனை உள்ளே விடவில்லை என்றேன். ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு வெளியே வந்து வீட்டைப் பூட்டினாள், சாவியை முந்தானையில் முடிந்தாள். தள்ளி நில்லுங்க, வேலைக்கு நேரமாச்சு என்றாள். மழையிலேயே நடந்து போய்விட்டாள். அவ்வளவுதான் படம்.

அந்த வசனம் எங்கிருந்து வந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற இடத்துக்குப் போகும்போது வழியில் படுத்திருக்கும் நாயிடமும், வாசலை மறித்து விளையாடும் எங்களிடமும் பெரியப்பா மகள் தினம் சொல்வது அது.

எல்லோரும் ஒரேயடியாகப் பேசினார்கள். இந்தப் படம் ஒரு வாரம் தாங்காது என்றார் மேஸ்திரி. எந்தக் கூறுகெட்டவன் எடுத்தான் என்றாள் ஒருத்தி. பெரியப்பா சோற்றை மூடி வைத்துவிட்டு எழுந்து போனார். அத்தை மட்டும், வெங்காயத்து அழுகையா, வயிற்றெரிச்சலா என்று பார்க்கிற அதே கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா தூக்கைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் குழாயடியில் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். குடத்தைக் குழாய்க்குக் கீழே வைத்தாள். நிரம்பி வழிந்து என் பாவாடையை நனைத்த பிறகுதான் கேட்டாள்.

"நெசமா அப்படித்தான் முடியுதா கண்ணு?"

"சாமி சத்தியமா அக்கா."

"அப்ப அவ என்ன சீலை கட்டியிருந்தா?"

பொய் சொல்கிறவர்களுக்கு இப்படிச் சின்னக் கேள்விதான் ஆபத்து. எதிரே கொடியில் ஒரு சீலை காய்ந்துகொண்டிருந்தது. அக்காவுடையதுதான். கொஞ்சமும் தடுமாறாமல், "பச்சைச் சீலை, மஞ்சக் கரை" என்றேன்.

அக்கா என் முகத்தையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். பல் தெரிய, தோள் குலுங்கச் சிரித்தாள். மலையேறி வந்த இரண்டு வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. "நல்லாப் பாத்திருக்கற சாமி" என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் அவள் புருஷன் வந்தான். கூட இரண்டு பெரியவர்கள். கையில் வாழைப்பழச் சீப்பும் பூப் பொட்டலமும். பனி இன்னும் விலகவில்லை. பேர் கூப்பிடுகிற நேரம் என்பதால் லைன் முழுக்க வாசலில் நின்றது. அவன் கதவைத் தட்டினான். உள்ளே தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் எங்கள் வாசல் வரைக்கும் கேட்டது. அக்கா வெளியே வந்தாள். பச்சைச் சீலை, மஞ்சள் கரை. இடுப்பில் பழம் பறிக்கக் கட்டுகிற சாக்கு. கதவைப் பூட்டினாள், நீளாத கையால் முந்தானையைப் பிடித்துக்கொண்டு சாவியை முடிந்தாள்.

"தள்ளி நில்லுங்க. பேருக்கு நேரமாச்சு."

அவள் நடந்தாள். வாசலில் நின்ற பெரியப்பா, பழச் சீப்பை வாங்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். வந்த பெரியவர்களில் ஒருவர், என்னங்க இது என்று பொதுவாகக் கேட்டார். பதில் சொன்னது அத்தைதான்.

"ஏனுங்க, இது நாங்க பாத்த படந்தானுங்க. இதுக்கு மேல ஒண்ணும் வராது. கெளம்புங்க, பஸ்ஸு போயிரும்."

சொல்லிவிட்டு அத்தை அக்காவுக்குப் பின்னாலேயே நடந்தாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும்.

அவன் மறுபடி வரவில்லை. அக்கா அதே எஸ்டேட்டில் கடைசி வரை கௌரவமாக வேலை பார்த்தாள். எனக்குத்தான் பல வருஷம் நிம்மதியில்லை. இரண்டு சோடா குடித்த ஒரு பிள்ளையின் பொய்யை நம்பி ஒருத்தி புருஷனை விட்டுவிட்டாளே என்று உள்ளுக்குள் அறுத்துக்கொண்டிருந்தது. சாமி சத்தியம் வேறு செய்திருந்தேன். அக்கா எதிரே வந்தால் காப்பிச் செடிக்குள் புகுந்து ஓடிவிடுவேன்.

எனக்குக் கல்யாணமாகி, என் மகளுக்கு ஏழெட்டு வயதான பிறகு ஒருநாள் டிவியில் ஏதோ பழைய படம் ஓடிக்கொண்டிருந்தது. நான் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். மகள் திரும்பி, அந்தம்மா கட்டியிருக்கற சீலை என்ன கலரும்மா என்று கேட்டாள். கறுப்பு வெள்ளைப் படத்தில் அதெல்லாம் யாருக்குடி தெரியும் என்று சொல்ல வாயெடுத்தவள், கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

அடுப்புச் சாம்பல் என்று அத்தை அலுத்துக்கொண்டது அக்காவின் வரிசைக்கும் கேட்டிருக்கும். என் கதையிலிருந்த வசனம் யாருடையது என்பது அத்தைக்கும் அன்றைக்கே தெரிந்திருக்கும். குழாயடியில், பச்சைச் சீலை என்று நான் அடித்துச் சொன்ன அந்த நொடியிலேயே அக்கா என்னைக் கண்டுகொண்டாள். கண்டுகொண்டுதான் சிரித்தாள், வியாழக்கிழமை அதே சீலையை எடுத்துக் கட்டினாள். அந்தப் படத்தின் நிஜ முடிவை நான் இன்றுவரை பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.

அன்றைக்கு, குடத்தோடு சிரித்துக்கொண்டே போகிறவளின் முதுகைப் பார்த்து, நல்லவேளை நம்பிவிட்டாள் என்று நெஞ்சில் கை வைத்து நின்றாள், பாவாடை நனைந்த ஒரு பிள்ளை.