தர்சினி வாசித்த முதல் வரி

அனலைதீவுக்கு ஆங்கில ஆசிரியையாக நான் மாற்றலாகி வந்த புதிது. பத்தாம் வகுப்புக்கு உருவகம் பற்றிப் படிப்பித்துவிட்டு, வீட்டில் உள்ள ஒருவரைப் பற்றி எழுதிவரச் சொன்னேன். தர்சினி தன் கட்டுரையை, ‘என் அம்மா ஒரு குரல்’ என்று ஆங்கிலத்தில் தொடங்கியிருந்தாள். எனக்குப் பெரிய சந்தோஷம். அவளை எழுப்பி, அந்த வரியை உரக்க வாசிக்க வைத்தேன்.

“எவ்வளவு வடிவான உருவகம். எப்பிடி யோசிச்சனீர் எண்டு எல்லாருக்கும் சொல்லும்” என்றேன்.

அவள் கட்டுரைக் கொப்பியைப் பார்த்தபடியே நின்றாள்.

“நான் யோசிக்கேல்லை ரீச்சர். எனக்கு மூண்டு வயசில அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவா. அந்த வீட்டில வீடியோவில கதைக்க விடமாட்டினம். குரல் மட்டுந்தான். இப்ப நாலு மாசமா அதுவும் இல்லை.”

அவளை இருக்கச் சொல்லிவிட்டு, அடுத்த பிள்ளையை வாசிக்கச் சொன்னேன்.

பாடம் முடிந்ததும் அவளே என்னிடம் வந்தாள்.

“அந்த வீட்டுக்காரருக்கு இங்கிலீசில ஒரு கடிதம் எழுதோணும் ரீச்சர். எனக்குத் தனிய ஏலாது.”

இருவருமாக இருந்து எழுதினோம். அம்மா சுகமாக இருக்கிறாவா என்று மட்டும் கேட்டோம்.

ஒரு வருடமாகிவிட்டது. பதில் வரவில்லை. தர்சினி இப்போதும் முன்வரிசை வாங்கில் இருந்து கவனமாகப் படிக்கிறாள். அன்று அந்த வரியைப் பற்றி அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். அந்த எண்ணம்தான் என்னை விட்டுப் போகவில்லை.